தெரிந்தும் செய்ய வராதபோது: சேலத்து வீடுகளுக்கு ஓர் ஏ.டி.எச்.டி. வழிகாட்டி

ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) உள்ள பிள்ளையிடம் "ஸ்கூலுக்கு என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று விடாமல் சொல்லிவிடும். காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது ஐடி கார்டு டிவி மேல் கிடக்கும், டிபன் பாக்ஸ் சமையல் கட்டிலேயே இருக்கும். விஷயம் தெரியும். அது வேண்டிய நொடியில் நினைவுக்கு வந்து கையைக் காலை அசைக்க வைக்கும் மூளை வேலையில்தான் தடை. திட்டும் அறிவுரையும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்வதால் அவை பலிப்பதில்லை. இங்கே சொல்லியிருக்கும் வழிகள் எல்லாமே, வேலை நடக்கிற இடத்தில், நடக்கிற நேரத்தில் உதவியைக் கொண்டுபோய் வைப்பவை.

எது ஏ.டி.எச்.டி., எது இல்லை

மருத்துவர்கள் கையாளும் டி.எஸ்.எம்.-5 (2013) என்ற மனநல நோயறி கையேட்டின் வரையறையில் இரண்டு பட்டியல்கள் உண்டு. கவனச் சிதறலுக்கு 9 அறிகுறிகள். துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9. ஏதாவது ஒரு பட்டியலில் 6 அறிகுறிகளாவது இருக்க வேண்டும். 17 வயதிலிருந்து 5 போதும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ பிழைப்பையோ உறவையோ கெடுக்கவும் வேண்டும். பள்ளியில் ஒழுங்காக இருக்கும் பிள்ளை வீட்டில் மட்டும் அடம் பிடித்தால், காரணத்தை வீட்டில் தேடுவது நல்லது.

உலக அளவில் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது இருக்கிறது. 40 பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெரும்பங்கு மரபு வழியாக வருகிறது. அதனால் பிள்ளைக்கு எழுதிய படிவத்தைப் படிக்கும்போதே "இதெல்லாம் எனக்கும் இருக்கே" என்று அப்பாவோ அம்மாவோ நிமிர்ந்து உட்காருவது அடிக்கடி நடக்கும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வளர்ப்புக் குறையால் இது வருவதில்லை. இனிப்பும் காரணமில்லை, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேறு இனிப்பு என்று பெற்றோருக்கே தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நடத்தை மாறவில்லை.

"போன் கொடுத்தா மூணு மணி நேரம் அசையாம உக்காருறான், புத்தகத்தை எடுத்தாத்தான் நெளியுறான்" என்ற புகார் எல்லா வீட்டிலும் உண்டு. போனில் சில நொடிக்கு ஒரு முறை ஏதாவது பலன் கிடைக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் கிடைப்பதில்லை. கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதில்தான் இவர்களுக்குச் சிக்கல். ஆக, போனில் ஒன்றிப்போகிறான் என்பதை வைத்து "இவனுக்கு ஒன்றுமில்லை" என்று முடிவு கட்ட முடியாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் அக்கறை வேண்டும். சேட்டை இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் பாடம் பெருகி மார்க் சரியும்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் "சோம்பேறி" என்ற பெயர் ஒட்டிவிடும்.

யாரைப் பார்ப்பது, என்ன எடுத்துப் போவது

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. மருத்துவர் கேட்டும் பார்த்தும் படித்தும் முடிவு செய்வார். மனநல மருத்துவரையோ, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவரையோ பார்க்கலாம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கிறது. 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. ஏற்காட்டு எஸ்டேட் ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தக் குழு வரும் நாள் நல்ல வாய்ப்பு. என்றைக்கு என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க நினைத்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மருத்துவர் முன் உட்கார்ந்த பிறகு ஞாபகப்படுத்திச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். முதல் வகுப்பிலிருந்து கிடைத்த ரேங்க் கார்டுகள்: மார்க்கைவிட ஆசிரியர் எழுதிய குறிப்புதான் முக்கியம். "கெட்டிக்காரன், ஆனால் கவனம் இல்லை" என்று மூன்று ஆசிரியர்கள் மூன்று வருடங்களில் எழுதியிருந்தால் அது பெரிய சாட்சி. முதல் பக்கங்கள் முத்து முத்தாகவும் பின்பக்கங்கள் கிறுக்கலாகவும் உள்ள இரண்டு நோட்டுகள். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு: எத்தனை மணிக்குப் படுத்தது, எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, குறட்டை உண்டா. குடும்பத்தில் இள வயதில் திடீரென்று இதயம் நின்று இறந்தவர் உண்டா, பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்தது உண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து தேர்வில் இது தேவைப்படும்.

ஏ.டி.எச்.டி. அறிகுறிகளை அளக்கும் வாண்டர்பில்ட் மதிப்பீட்டுப் படிவத்தை மருத்துவர் கொடுத்தால், பெற்றோர் படிவத்தில் 55 கேள்விகள், ஆசிரியர் படிவத்தில் 43. ஆசிரியர் படிவத்தை வகுப்பு இடைவேளையில் நீட்டி "இப்பவே போட்டுக் குடுங்க" என்றால் எல்லாவற்றுக்கும் "சில சமயம்" என்று டிக் விழும். நான்கைந்து நாள் கொடுங்கள். பள்ளி திறந்து ஒரு மாதமாவது ஆன பிறகு, பிள்ளையைத் தினமும் பார்க்கும் ஆசிரியரிடம் கொடுங்கள். பெரியவர்களுக்கு ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற 18 கேள்விப் படிவம் உண்டு. முதல் 6 கேள்விகள் வடிகட்டல். அவற்றில் 4 குறிக்கப்பட்ட கட்டங்களில் விழுந்தால் மருத்துவரைப் பார்க்கத் தகுந்தது என்று பொருள். அந்த எண்ணிக்கையே நோய் முடிவு ஆகாது.

ஏ.டி.எச்.டி. போலவே தோன்றும் வேறு சிலவற்றை முதலில் தள்ளிப் பார்க்க வேண்டும். காது, கண் பரிசோதனை, ரத்த சோகை, தைராய்டு, டான்சில் வீங்கிக் குறட்டை விட்டுத் தூக்கம் கெடுவது. இன்னொன்று, ஆளை வெறிக்க வைக்கும் சின்ன வலிப்பு. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை நடுவில் நின்று, பத்து நொடி போல வெறித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். கனவு காண்கிற பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இந்த வலிப்பில் திரும்பாது. சந்தேகமாக இருந்தால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

கதை சொன்னால் கண் கொட்டாமல் கேட்டு, படிக்கச் சொன்னால் மட்டும் ஓடும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கலாம். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. எனவே தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை பெரும்பாலும் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

மாத்திரை

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கு மேல், பாதிப்பு கணிசமாக இருந்தால் மருந்து பேச்சுக்கு வரும். நம் நாட்டில் அதிகம் எழுதப்படுபவை இரண்டு: மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்செடின்.

மெத்தில்ஃபெனிடேட் மூளை நரம்பு இணைப்புகளில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமைனும் நார்எபிநெஃப்ரினும் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் தடுத்து, சற்று நேரம் கூடுதலாக நிற்க வைக்கிறது. சாதாரண மாத்திரை அரை மணி முதல் முக்கால் மணியில் வேலை தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். நீண்டு செயல்படும் வகை, தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம். பிள்ளைகளுக்கு வழக்கமாக 5 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு 5 அல்லது 10 மி.கி. என மருத்துவர் ஏற்றுவார். சரியான அளவு பிள்ளையின் எடையிலிருந்து நேராக வராது. ஏற்றி, பார்த்து, நிறுத்தும் இடம் அது. அந்த வாரங்களில் நீங்கள் எழுதும் குறிப்புதான் மருத்துவருக்குக் கண்.

காலை 7.30க்குப் போட்ட சாதாரண மாத்திரை 11.30 அளவில் தீர்ந்துவிடும். "முதல் மூணு பீரியட் நல்லா இருக்கான், அப்புறம் பழையபடிதான்" என்று ஆசிரியர் சொன்னால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. மதிய டோஸ் தேவை, அல்லது நீண்ட வகைக்கு மாற வேண்டும். மருந்து இறங்கும் நேரத்தில் அரை மணி, ஒரு மணி எரிச்சலும் அழுகையும் வரலாம். அந்த நேரத்தில் ஹோம்வொர்க்கையோ விசாரணையையோ தொடங்காதீர்கள். மாலை 4 மணிக்குப் பிறகு போட்டால் தூக்கம் தள்ளிப்போகும். நீண்ட வகை மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மெதுவாகக் கரையும் அமைப்பு உடைந்து மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் சேரும்.

பசி குறைவதுதான் பெற்றோரை அதிகம் பயமுறுத்தும் பக்க விளைவு. அதைச் சமாளிக்க நேரத்தைப் பிடிக்க வேண்டும். காலைச் சாப்பாடு மாத்திரைக்கு முன்: இட்லியோடு முட்டை, அல்லது நெய் விட்ட பொங்கல். மதிய டிபன் பாதி திரும்பி வந்தால் சண்டை வேண்டாம். மருந்து இறங்கிய பிறகு மாலை 5 மணிக்குப் பசி திரும்பும். அந்த நேரத்தில் தட்டுவடை செட்டால் வயிற்றை நிரப்பிவிட்டால் சத்து சேராது. கடலை உருண்டை, வாழைப்பழம், முட்டை, ராகி அடை கொடுங்கள். இரவு 8 மணிக்கு நல்ல சாப்பாடு. சித்திரை, வைகாசி வெயிலில் எப்படியும் பசி மந்தமாகும். மோரும் தண்ணீரும் அதிகம் வேண்டும். சின்னப் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம். டோஸ் மாறும்போதெல்லாமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு. நெஞ்சு வலி, மயக்கம், ஓடும்போது படபடப்பு வந்தால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடோமாக்செடின் மெதுவானது. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் தெரியலை" என்று நிறுத்திவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். முதல் மாதங்களில் மனம் சோர்ந்து, சாவைப் பற்றிப் பேசினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலும் அப்படியே. அரிதுதான், ஆனால் ஈரல் பாதிப்பாக இருக்கலாம்.

மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. அசல் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சீட்டு இருந்தாலும் எல்லா மருந்துக் கடையிலும் இருப்பு இருக்காது. சட்டத்தின் பெயரைக் கேட்டுப் பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில், கண்காணிப்போடு எடுப்பதற்கும் தவறான பயன்பாட்டுக்கும் தூரம் அதிகம். பத்து நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து "ஸ்டாக் இல்லை" என்று கேட்டுத் திரும்புவது வீண் அலைச்சல். கிளம்பும் முன் கடைக்குப் போன் செய்து இருப்பைக் கேட்டுக்கொண்டு, மருத்துவரைப் பார்ப்பதும் மருந்து வாங்குவதும் ஒரே நாளில் வருமாறு வையுங்கள்.

காபி பற்றி ஒரு வார்த்தை. மலையில் காபி விளைகிற ஊர்க்காரர்கள் நாம். பெரியவர்கள் பலர் தெரியாமலே காபியை மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். குடித்து ஐந்து மணி நேரம் போனாலும் பாதி காஃபின் உடம்பிலேயே இருக்கும். மெத்தில்ஃபெனிடேட்டோடு சேர்ந்தால் படபடப்பு கூடும். மாத்திரை எடுக்கும் நாளில் காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்துவது நல்லது.

வீட்டில் மாலை நேரம்

மருந்து பெரும்பாலும் பள்ளி நேரத்துக்குத்தான் நிற்கும். மாலையை வீட்டுப் பழக்கம் தாங்க வேண்டும்.

சொல்லும் முறையிலிருந்து தொடங்குங்கள். அடுத்த அறையிலிருந்து "டேய், கை கால் கழுவு, யூனிஃபார்ம் மாத்து, டைரியை எடு" என்று கத்தினால் கடைசி ஒன்று மட்டும் காதில் விழும், அதுவும் நிச்சயமில்லை. கைக்கு எட்டும் தூரம் வரை போங்கள். பெயர் சொல்லுங்கள், முகம் திரும்பட்டும். ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "இப்ப என்ன செய்யப் போற?" என்று கேட்டு, அது தன் வாயால் சொன்ன பிறகு நகருங்கள். முடித்ததும் அந்த நொடியே, எதைச் செய்தது என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். முதல் வாரம் இது களைப்பாக இருக்கும். பத்து முறை கத்துவதைவிட நேரம் குறைவுதான்.

ஹோம்வொர்க்குக்கு நேரம் கண்ணில் தெரிய வேண்டும். "அரை மணியில முடி" என்பது இவர்களுக்கு வெறும் சத்தம். முள் ஓடும் கடிகாரத்தை எதிரே வைத்து, முள் வர வேண்டிய இடத்தில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 10 நிமிடம் வேலை, 3 நிமிடம் எழுந்து குதிக்கலாம், மறுபடி 10. இடைவேளையில் போன் கூடாது, அதிலிருந்து மூன்று நிமிடத்தில் யாரும் திரும்பி வர மாட்டார்கள். கணக்குப் பக்கத்தில் முதல் நான்கு கணக்கைத் தவிர மீதியை வெள்ளைத்தாளால் மூடுங்கள். டிவியை நிறுத்துங்கள், அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத்து வீடுகளில் ஓடும் தறிச் சத்தத்துக்குப் பிள்ளை பழகியிருக்கும், டிவி வசனத்துக்கு அப்படிப் பழக முடியாது. அறை தனியாக இல்லாவிட்டால் சுவரைப் பார்த்த மேஜை போதும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலே பாதிப் பிள்ளைகள் வேலையைத் தொடர்வார்கள். பாடம் சொல்லித்தரக்கூட வேண்டியதில்லை.

புள்ளி அட்டை முறை பலன் தரும், சரியாக நடத்தினால். மூன்றே மூன்று பழக்கங்கள் தேர்ந்தெடுங்கள், அதில் ஒன்று பிள்ளை ஏற்கெனவே ஓரளவு செய்வதாக இருக்கட்டும். "நல்ல பிள்ளையா இரு" என்பதை அட்டையில் எழுத முடியாது, "7.15க்குள் ஷூ போட்டாச்சு" என்று எழுதலாம். பரிசு அன்றைக்கே கிடைக்க வேண்டும்: கூடுதலாக 15 நிமிடம் கிரிக்கெட், இரவு கதை, அம்மாயியோடு வீடியோ கால். "முழு ஆண்டுப் பரீட்சையில நல்ல மார்க் எடுத்தா சைக்கிள்" என்ற வாக்குறுதி இவர்களை அசைக்காது, அந்தத் தொலைவு கண்ணுக்கே எட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் பரிசு சலித்துவிடும். முறை தோற்றது என்று நினைக்காமல் பரிசை மாற்றுங்கள். சம்பாதித்த புள்ளியைக் கோபத்தில் பிடுங்கினால் அட்டை அன்றோடு செத்தது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அவர்களுக்கும் அட்டையின் விதியைச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு பக்கம் அட்டை, இன்னொரு பக்கம் கேட்டதெல்லாம் கிடைக்கிறது என்றால் ஓடாது.

பள்ளியோடு இதையே நீட்டலாம். டைரியில் தினம் ஒரு கட்டம், இரண்டு இலக்குகள், ஆசிரியர் ஒரு டிக் மட்டும் போட வேண்டும், வீட்டில் அதற்குப் பரிசு. அறுபது நோட்டு திருத்தும் ஆசிரியரிடம் அதற்கு மேல் கேட்டால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். முன் பெஞ்ச், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இடம் கேளுங்கள்.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு

வயது ஏறும்போது ஓட்டம் குறைந்து உள்ளே ஒரு அமைதியின்மையாக நிற்கும். தள்ளிப்போடுவது, நேரத்தைக் குறைவாகக் கணிப்பது, பாதியில் விட்ட வேலைகள் மிஞ்சும்.

ஒரு வாரம் உங்கள் அன்றாட வேலைகளுக்கு உண்மையில் ஆகும் நேரத்தை எழுதுங்கள். குளித்துக் கிளம்ப 20 நிமிடம் என்று நினைப்பது 40 ஆக இருக்கும். இனி அந்த அளவை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு இரண்டு அலாரம் வையுங்கள்: ஒன்று கையிலிருப்பதைக் கீழே வைக்க, இன்னொன்று வாசலைத் தாண்ட. அலாரத்தின் பெயரில் செய்ய வேண்டியதை எழுதுங்கள். பெயரில்லாத அலாரத்தைக் கை தானாக அணைத்துவிடும்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு லாட்டுக்கும் தனித் தட்டு, அதிலேயே எடையும் தேதியும் எழுதிய சீட்டு. பற்றவைப்பு பாதியில் எழுந்து போக நேர்ந்தால், அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைச் சீட்டில் எழுதிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தேடும் நேரத்தில்தான் அந்த வேலை கைவிடப்படுகிறது. கடை வைத்திருப்பவருக்கு மாத ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் தேதிகள் 11, 20. அவற்றை 8, 17 என்று நாள்காட்டியில் குறித்து, அன்று கணக்கரை நேரில் வரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது பெரியவர்களுக்கும் வேலை செய்யும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லைத் தானியங்கி முறையில் போட்டுவிடுங்கள்.

சாவி, பர்ஸ், ஹெல்மெட்டுக்கு வாசல் பக்கம் ஒரே ஆணி, ஒரே கிண்ணம். அலமாரிக்குள் போனது மனதிலிருந்தும் போய்விடும், அதனால் மூடியில்லாத பெட்டிகளே இவர்களுக்கு ஏற்றவை.

வண்டி ஓட்டுவதில் சமரசம் வேண்டாம். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு விபத்து வாய்ப்பு அதிகம். சுவீடனில் ஆண்களிடையே, மருந்து எடுத்த காலங்களில் கடுமையான விபத்துகள் குறைவாக இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து இறங்கிய மாலையில், தூக்கம் கெட்ட நாளில், ஏற்காடு மலைப்பாதையில் பைக் எடுக்காமல் பஸ்ஸில் இறங்குங்கள்.

ஒழுங்கு கலையும்போது

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும், லீவு வரும், சொந்தக்காரர்கள் வருவார்கள். அட்டையும் அலாரமும் ஒரு வாரத்தில் கலைந்துவிடும். இது நடந்தே தீரும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, திரும்பத் தொடங்கும் நாளைப் பண்டிகைக்கு முன்பே குறித்துவிடுங்கள். அன்று எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்காமல், காலைக் கிளம்பலை மட்டும் முதலில் சரி செய்யுங்கள். கூட்டத்துக்குள் கூட்டிப்போகும்போது நினைத்தவுடன் ஓடும் பிள்ளையின் கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவில் எழுதிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை மருந்து இன்னும் தேவையா என்று மருத்துவரோடு பேசுங்கள். நிறுத்திப் பார்ப்பதாக இருந்தால் தேர்வுக்கு நெருக்கத்தில் வேண்டாம். வகுப்பு நடக்காத மே மாதத்தில் நிறுத்தினால் ஒன்றும் தெரியவும் தெரியாது. பள்ளி திறந்து பழகிய பிறகு, ஜூலை கடைசி போல, மருத்துவர் சொன்ன நாட்களுக்கு நிறுத்தி, வாண்டர்பில்ட் ஆசிரியர் படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்லி, மருந்து எடுத்தபோது நிரப்பியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏ.டி.எச்.டி.க்குச் சிலருக்கு எழுதப்படும் குளோனிடின் என்ற இன்னொரு மருந்தை எடுக்கும் பிள்ளைக்கு மட்டும் இப்படித் திடீரென நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென ஏறும். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.